6 வருட ஜாவா பேக்எண்ட்: டிக்கெட் முடிக்கத் தெரியும், அதற்கு மேல் எப்படி வளர்வது?

அரைகுறை_ஆர்க்கிடெக்ட் (கேள்வி)

ஜாவா, ஸ்பிரிங் பூட், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், ரெடிஸ்; காஃப்கா மேலோட்டமாக. அனுபவம் 6 வருடம். ஒரு ஃபீச்சரைக் கையில் கொடுத்தால் யாரையும் கேட்காமல் முடித்துவிடலாம். அதற்கு அடுத்த படி எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. மூன்று இடத்தில் இடிக்கிறது.

புரொடக்‌ஷனில் ஏதாவது மெதுவானால் ஊகம்தான். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது. ஏன் சரியானது என்று தெரிவதில்லை. டிசைன் மீட்டிங்கில் "ஏன் இப்படி, ஏன் அப்படி இல்லை" என்று கேட்டால் "எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்பதைத் தாண்டிப் பதில் வரவில்லை. இப்போது பாதிக் கோடை ஏஐ அசிஸ்டன்ட் எழுதுகிறது. டெஸ்ட் பாஸ் ஆனால் மெர்ஜ்.

குபெர்னெட்டிஸ், ரியாக்ட், சிஸ்டம் டிசைன் என்று மூன்று கோர்ஸ் பாதியில் நிற்கின்றன. எதுவும் ஒட்டவில்லை. வாரநாளில் 45 நிமிடம், சனிக்கிழமை 3 மணி நேரம் ஒதுக்க முடியும். புரொடக்‌ஷன் டேட்டாபேஸைத் தொட அனுமதி கிடையாது. எதில் தொடங்கலாம்? "தினமும் படியுங்கள்" மாதிரி இல்லாமல், உட்கார்ந்து செய்யக்கூடியதாகச் சொன்னால் நல்லது.

பழைய_லாக்ஃபைல்

கோர்ஸ் ஒட்டாததுக்கு உங்க சோம்பேறித்தனம் காரணம் இல்ல. குபெர்னெட்டிஸ் கோர்ஸ் முடிச்சுட்டு திங்கட்கிழமை ஆபீஸ் போனா, அங்க அதைத் தொட வேலையே இருக்காது. ரெண்டு வாரத்துல மறந்துடும். புதுசா ஒண்ணை மேல அடுக்காம, தினம் தொடுற ஒண்ணுக்கு ஒரு அடுக்கு கீழ இறங்குங்க. உங்களுக்கு அது போஸ்ட்கிரெஸ். வேற எதையும் இப்போதைக்குத் தொட வேண்டாம்.

ஒரே ஒரு கட்டுப்பாடு. எதை ரன் பண்றதா இருந்தாலும், முன்னாடியே என்ன நடக்கும்னு நோட்டுல எழுதிடணும்: எந்த வகை ஸ்கேன் (டேபிளைப் படிக்கற முறை) வரும், எத்தனை மில்லிசெகண்ட், எத்தனை ரெக்கார்டு. எழுதாம ரன் பண்ணினா, விடையைப் பார்த்ததும் "இதுதான் எனக்குத் தெரியுமே"ன்னு மனசு ஏமாத்திடும். எழுதினதும் வந்ததும் எங்க மோதுதோ, அங்கதான் பாடம் இருக்கு.

முதல் சனிக்கிழமைக்கு வேலை இது. லேப்டாப்ல டாக்கர்ல ஒரு போஸ்ட்கிரெஸ் ஏத்துங்க. ஆர்டர் டேபிள் ஒண்ணு: ஐடி, கஸ்டமர் ஐடி, ஸ்டேட்டஸ், உருவான நேரம், தொகை. ஜெனரேட் சீரிஸ் ஃபங்ஷனை வச்சு 50 லட்சம் ரெக்கார்டு போடுங்க. கஸ்டமர் ஐடி 1 லட்சத்துக்குள்ள ரேண்டமா இருக்கட்டும். ஆளுக்குச் சராசரி 50 ஆர்டர் வரும். நேரம் 2 வருஷத்துக்குள்ள ரேண்டம். போட்டு முடிச்சதும் அனலைஸ் கமாண்டைக் கையால ஓட்டிடுங்க. இல்லன்னா பிளானர் (குவெரியை எந்த வழியில ஓட்டறதுன்னு முடிவு பண்ற பகுதி) பழைய கணக்கை வச்சுக்கிட்டுப் பேசும், நீங்க தப்பான பாடம் கத்துப்பீங்க.

குவெரி: ஒரு கஸ்டமரோட கடைசி 20 ஆர்டர், நேரப்படி இறங்குவரிசையில. இதை எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் (குவெரியை ஓட்டி, அது ஓடின வழியைக் காட்டற கமாண்ட்), பஃபர்ஸ் ஆப்ஷனோட மூணு தடவை ஓட்டுங்க (18-ஆம் வெர்ஷன்ல இருந்து பஃபர்ஸ் தானாவே வரும்). முதல்ல இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கற அட்டவணை) இல்லாம. அப்புறம் கஸ்டமர் ஐடி, நேரம்னு அந்த வரிசையில ஒரு இண்டெக்ஸ் போட்டு. கடைசியா அதை டிராப் பண்ணிட்டு, நேரம், கஸ்டமர் ஐடின்னு தலைகீழா போட்டு.

எத்தனை மில்லிசெகண்ட்னு பார்க்கறதைவிட எத்தனை பக்கம் படிச்சுதுன்னு பாருங்க. ஒரு பக்கம் 8 கேபி. சரியான இண்டெக்ஸ்ல இருபத்துச் சொச்சம் பக்கத்தோட வேலை முடிஞ்சுடும். தலைகீழ் இண்டெக்ஸ்ல, பிளானர் அதைத் தொட்டாலும் தொடாட்டாலும் எண்ணிக்கை ஆயிரங்கள்ல நிக்கும். இண்டெக்ஸ்ல அதே ரெண்டு ஃபீல்டுதான், வரிசை மட்டும்தான் மாறியிருக்கு. "இண்டெக்ஸ் போட்டாச்சே, ஏன் ஸ்லோ"ங்கற கேள்விக்கு ரொம்ப நேரம் பதில் இதுதான். டெலிபோன் டைரக்டரியில இனிஷியலை மட்டும் வச்சுக்கிட்டு ஆளைத் தேடற கதை.

மில்லிசெகண்டை நம்பாதீங்கன்னு சொன்னதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. முதல் தடவை ஓடும்போது டிஸ்க்ல இருந்து வரும், ரெண்டாவது தடவை கேஷ்ல இருந்து வரும்; ஒரே குவெரி பத்து மடங்கு வித்தியாசம் காட்டும். பக்க எண்ணிக்கை அப்படி ஆடாது.

பிளானைப் படிக்கறப்போ ரெண்டு இடத்துல எல்லாரும் வழுக்குவாங்க. ஒண்ணு, லூப்ஸ். ஒரு வரியில நேரம் 0.05 மில்லிசெகண்ட்னு அழகா இருக்கும், பக்கத்துல லூப்ஸ் 50,000ன்னு இருக்கும். அந்த நேரம் ஒரு சுத்துக்கானது. பெருக்கினா 2.5 செகண்ட். ரெண்டாவது, பிளானர் எதிர்பார்த்த ரெக்கார்டு எண்ணிக்கைக்கும் நிஜமா வந்ததுக்கும் உள்ள இடைவெளி. ரெண்டு மூணு மடங்கு வித்தியாசத்தைக் கண்டுக்க வேண்டாம். நூறு மடங்குன்னா அந்த வரிதான் குற்றவாளி. அதுக்கு மேல இருக்கற ஜாயின் எல்லாம் அந்தத் தப்புக் கணக்கை நம்பி எடுத்த முடிவு.

இதையும் செஞ்சு பார்க்கலாம். மாநிலம், மாவட்டம்னு ரெண்டு ஃபீல்டு வைங்க. "மாநிலம் தமிழ்நாடு, மாவட்டம் மதுரை"ன்னு ஃபில்டர் போட்டா, பிளானர் ரெண்டு சதவீதத்தையும் பெருக்கிடும். மதுரைன்னாலே தமிழ்நாடுதான்னு அதுக்குத் தெரியாது. அதனால வரப்போற எண்ணிக்கையை ரொம்பக் கம்மியா நினைச்சுக்கும். கிரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல டிபென்டன்சீஸ் வகையைக் கொடுத்து, மறுபடி அனலைஸ் ஓட்டிட்டு, அந்த எண் எப்படி மாறுதுன்னு பாருங்க. ஒரு மணி நேர வேலைதான்.

டைம்அவுட்_30

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது" என்ற நோய்க்குக் குவெரி மட்டும் மருந்தில்லை. ஸ்பிரிங் பூட் ஆட்களிடம் நான் முதலில் கேட்பது: உங்கள் அப்ளிகேஷனில் எதெல்லாம் வரிசையில் நிற்கிறது? ஒவ்வொரு வரிசையின் நீளம் என்ன?

இயல்புநிலை எண்களை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். ரிக்வெஸ்ட்களை ஏற்கும் சர்வரான டாம்கேட்டில் 200 திரெட். டேட்டாபேஸ் இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் ஹிகாரி பூலில் 10 கனெக்‌ஷன். கனெக்‌ஷனுக்காகக் காத்திருக்கும் நேரம் 30 விநாடி. போஸ்ட்கிரெஸ் ஏற்கும் மொத்த கனெக்‌ஷன் 100.

இப்போது ஒரு தவறைக் கட்டிப் பார்க்கலாம். ஒரு சர்வீஸ் மெத்தடில் டிரான்சாக்‌ஷனைத் திறந்து, ஆர்டரை எழுதி, அதே டிரான்சாக்‌ஷனுக்குள்ளேயே பேமென்ட் நிறுவனத்தின் ஏபிஐயைக் கூப்பிடுகிறீர்கள். வழக்கமாக 200 மில்லிசெகண்டில் பதில் வரும். ஒருநாள் அது 2 விநாடி ஆகிறது. 10 கனெக்‌ஷன், ஒவ்வொன்றும் 2 விநாடி பிடிபட்டால் விநாடிக்கு 5 ரிக்வெஸ்ட்தான் முடியும். லிட்டில் விதி என்பார்கள். வகுத்தல் கணக்கைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.

விநாடிக்கு 8 வருகிறது என்று வையுங்கள். 5 போகிறது, 3 தேங்குகிறது. 50-ஆவது விநாடியில் வரிசையில் 150 பேர். அந்த நேரத்தில் வருகிறவர் 30 விநாடி நிற்க வேண்டும். அதாவது "கனெக்‌ஷன் கிடைக்கவில்லை, 30000 மில்லிசெகண்டில் டைம்அவுட்" என்ற முதல் வரி லாகில் விழுவது ஏறத்தாழ 80-ஆவது விநாடியில். பேமென்ட் ஏபிஐ மெதுவானதற்கும் லாகில் பிழை தெரிவதற்கும் நடுவே ஒன்றேகால் நிமிட இடைவெளி. பிழைச் செய்தி டேட்டாபேஸைக் கை காட்டும். டேட்டாபேஸோ சும்மா உட்கார்ந்திருக்கும். ரீஸ்டார்ட் செய்தால் வரிசை காலியாகிறது, அதனால் "சரியாகிறது". பேமென்ட் பக்கம் இன்னும் மெதுவாகவே இருந்தால் அதே ஒன்றேகால் நிமிடத்தில் மறுபடி அதே கதை.

உடனே யாராவது பூலை 100 ஆக்கச் சொல்வார்கள். 4 இன்ஸ்டன்ஸ் ஓடினால் 400. போஸ்ட்கிரெஸ் 100-க்கு மேல் கதவைத் திறக்காது. வலி வேறு டீமுக்கு மாறும், அவ்வளவுதான்.

வெளி ஏபிஐயை டிரான்சாக்‌ஷனுக்கு வெளியே எடுப்பதே தீர்வு. "நிலுவை" என்ற நிலையில் ஆர்டரை எழுதி கமிட் செய்யுங்கள். பிறகு ஏபிஐ. பிறகு இரண்டாவது சிறிய டிரான்சாக்‌ஷனில் முடிவைப் பதியுங்கள். இரண்டுக்கும் நடுவில் சர்வர் விழுந்தால் நிலுவையிலேயே நிற்கும் ஆர்டர்களைச் சில நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து, அந்த நிறுவனத்திடம் நிலையைக் கேட்டுச் சரிசெய்யும் ஒரு ஜாப் வேண்டும். டைம்அவுட் ஆனால் பணம் போகவில்லை என்று பொருளல்ல. போனதா இல்லையா என்று தெரியாது என்றுதான் பொருள். அதனால் மறுமுயற்சி ஒவ்வொன்றிலும் அதே ஐடெம்பொட்டன்சி கீ (இது பழைய ரிக்வெஸ்ட்தான் என்று காட்டும் அடையாளம்) போக வேண்டும். இல்லையென்றால் வாடிக்கையாளர் கணக்கில் இரண்டு முறை பிடித்தம்.

ஒரு பொறி: ஸ்பிரிங் பூட்டில் ஓபன் இன் வியூ (ரிக்வெஸ்ட் முடியும்வரை டேட்டாபேஸ் செஷனைத் திறந்தே வைக்கும் வசதி) இயல்பாகவே ஆன். டிரான்சாக்‌ஷனுக்கு வெளியே எடுத்த பிறகும், ரிக்வெஸ்ட் முடியும்வரை கனெக்‌ஷன் பிடிபட்டே இருக்கக்கூடும். ஸ்டார்ட் ஆகும்போது லாகில் ஒரு எச்சரிக்கை வரும். நிறையப் பேர் அதைத் தினமும் பார்த்தும் படிப்பதில்லை. அதை ஆஃப் செய்ததும் லேஸி லோடிங் (தேவைப்படும்போது மட்டும் டேட்டாவை எடுப்பது) பிழைகள் கிளம்பும். அவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்வதும் பயிற்சிதான்.

இதை வீட்டில் ஓட்ட, 2 விநாடி தூங்கிப் பதில் சொல்லும் ஒரு போலி சர்வர் போதும். லோடு கொடுக்க கே6 என்ற டூல். அதில் நிலையான எண்ணிக்கையில் யூசர்களை வைக்காதீர்கள். சர்வர் மெதுவானால் அந்த யூசர்களும் காத்திருப்பார்கள், லோடு தானாகக் குறைந்துவிடும், வரிசை வளரவே வளராது. விநாடிக்கு 8 என்று வருகை வீதத்தை நிலையாக வைக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். ஓடும்போது ஜேசிஎம்டியில் 10 விநாடி இடைவெளியில் மூன்று திரெட் டம்ப் (எந்தத் திரெட் எங்கே நிற்கிறது என்ற பட்டியல்) எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்துத் திரெட் சாக்கெட் ரீடில், மற்றதெல்லாம் ஹிகாரி வாசலில். அந்தப் படத்தை ஒருமுறை கண்ணால் பார்த்தவர் அடுத்த தடவை ரீஸ்டார்ட் பட்டனைத் தேடுவதற்கு முன் டம்ப் எடுப்பார்.

டைம்அவுட் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங்கின் எச்டிடிபி கிளையன்ட்டான ரெஸ்ட் டெம்ப்ளேட்டை அப்படியே பயன்படுத்தினால் டைம்அவுட் கிடையாது. பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸிலும், கோ மொழியின் இயல்பு எச்டிடிபி கிளையன்ட்டிலும் இதே கதை. ரீட்ரையும் அடுக்கடுக்காகப் பெருகும்: கேட்வே 3 முறை, உங்கள் சர்வீஸ் 3 முறை, உள்ளே ஒரு லைப்ரரி 3 முறை என்றால், தள்ளாடிக்கொண்டிருக்கும் ஒரு சர்வர்மேல் ஒரே கிளிக்குக்கு 27 அடி விழும். ஒரே ஒரு அடுக்கில் மட்டும் ரீட்ரை. இடைவெளி ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகட்டும், அதில் கொஞ்சம் ரேண்டமும் கலக்கட்டும்.

ஓஎம்ஆர்_நெரிசல்

எல்லாரும் டேட்டாபேஸ், திரெட்னு பேசறீங்க. இன்டர்வியூவில் கேட்பது டிஎஸ்ஏ (டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம்). லீட்கோட் தளத்தில் புதிர் போடாமல் இதையெல்லாம் படித்து என்ன பயன்?

பழைய_லாக்ஃபைல்

வேலை மாறப் போறீங்கன்னா 6 லேர்ந்து 8 வாரம் அதுக்குத் தனியா ஒதுக்கிப் போட்டுடுங்க, தப்பே இல்ல. ஆனா அது நுழைவுச்சீட்டு, வேலைத் திறன் வேற. ரெண்டையும் ஒரே 45 நிமிஷத்துல திணிச்சா ரெண்டும் போகும். அவர் கேட்டது ரெண்டாவது.

ரிவ்யூ_ராட்சசன்

டிசைன் மீட்டிங் கேள்விக்கு யாரும் வரவில்லை. "ஏன்" என்பதற்குப் பதில் வாயில் வராததற்குக் காரணம், அதை முன்பே எழுதிப் பார்க்காததுதான். அடுத்து வரும் நடுத்தர அளவு ஃபீச்சருக்கு, கோட் எழுதும் முன் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். யாரும் கேட்காவிட்டாலும். அதில் வர வேண்டியவை: என்ன பிரச்சினை; எவ்வளவு லோடு (எண்ணாக, "நிறைய" என்றல்ல); தேர்ந்த வழி; தள்ளிவிட்ட இரண்டு வழி, ஏன் தள்ளினோம்; தப்பானால் எப்படித் திரும்புவது; டெப்ளாய் ஆன பிறகு எந்த கிராஃபைப் பார்ப்பது. தள்ளிவிட்ட வழிகள் பகுதிதான் உயிர். அங்கே எழுத ஒன்றும் இல்லையென்றால் நீங்கள் முடிவு எதுவும் எடுக்கவில்லை, பழக்கத்தில் போகிறீர்கள்.

ஆர்க்கிடெக்சர் என்றதும் எல்லாரும் மைக்ரோசர்வீஸ் கட்டம் வரையப் போய்விடுகிறார்கள். நடுத்தட்டு ஆளுக்கும் சீனியருக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரிந்து மைக்ரேஷனில்தான் (டேட்டாபேஸின் அமைப்பை மாற்றுவதில்) பளிச்சென்று தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் சக்கரம் மாற்றுகிற வேலை அது.

ஒரு எளிய ஆல்டர் டேபிள். ஒரு ஃபீல்டைச் சேர்ப்பது மில்லிசெகண்ட் வேலை. 11-ஆம் வெர்ஷனிலிருந்து நிலையான டிஃபால்ட் மதிப்போடு சேர்த்தாலும் டேபிளைத் திரும்ப எழுதாது. அப்புறம் ஏன் சைட் விழுகிறது? அதற்கு டேபிள் முழுவதற்கும் பூட்டு வேண்டும். யாரோ ஒருவர் ஓட்டிவிட்ட ரிப்போர்ட் குவெரி 10 நிமிடமாக அந்த டேபிளைப் படித்துக்கொண்டிருக்கிறது. ஆல்டர் அதற்காகக் காத்திருக்கும். ஆல்டருக்குப் பின்னால் வருகிற சாதாரண செலக்ட் எல்லாம் ஆல்டருக்காகக் காத்திருக்கும். ரேஷன் கடை வரிசையில் ஒருவர் மூட்டையோடு குறுக்கே நின்ற மாதிரி. மேலே டைம்அவுட்_30 சொன்ன பூல் கணக்கு இங்கேயும் ஓடும். எனவே மைக்ரேஷனின் முதல் வரி லாக் டைம்அவுட் 3 விநாடி. கிடைக்கவில்லையென்றால் தோற்கட்டும், சற்றுக் கழித்து மறுபடி முயலலாம்.

ஒரு ஃபீல்டை நாட் நல் (காலியாக விட முடியாதது) ஆக்குவதை மூன்று படியாக்குங்கள்: முதலில் நாட் வேலிட் என்று ஒரு செக் கன்ஸ்ட்ரெயின்ட், பிறகு தனியாக வேலிடேட், அதன்பின் செட் நாட் நல். 12-ஆம் வெர்ஷன் முதல் அந்தக் கன்ஸ்ட்ரெயின்ட்டை நம்பி, பூட்டோடு முழு டேபிளையும் ஸ்கேன் செய்வதைத் தவிர்த்துவிடும். இண்டெக்ஸ் என்றால், எழுதுவதைத் தடுக்காமல் கட்டும் கன்கரன்ட்லி. அது டிரான்சாக்‌ஷனுக்குள் ஓடாது, மைக்ரேஷன் டூலில் அந்த ஃபைலுக்கு மட்டும் டிரான்சாக்‌ஷனை நிறுத்த வேண்டும். பாதியில் தோற்றால் இன்வேலிட் இண்டெக்ஸ் ஒன்று டேபிளில் கிடக்கும். படிக்க உதவாது, ஆனால் ஒவ்வொரு இன்சர்ட்டும் அதற்கும் கூலி கொடுத்துக்கொண்டே இருக்கும். டிராப் செய்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

ஒரு ஃபீல்டின் பெயரை மாற்றுவது ஒரே டெப்ளாயில் நடக்காது. டெப்ளாய் நடக்கும் சில நிமிடம் பழைய கோடும் புதிய கோடும் ஒரே டேபிளில் கை வைக்கும். புது ஃபீல்டைச் சேர், இரண்டிலும் எழுது, பழையதை 5,000 ரெக்கார்டு வீதம் நகலெடு, படிப்பதைப் புதியதற்கு மாற்று, பழையதில் எழுதுவதை நிறுத்து, அடுத்த வாரம் பழையதை அகற்று. டீமில் இந்த வேலைக்கு யாரும் கை தூக்க மாட்டார்கள். நீங்கள் தூக்குங்கள்.

அப்புறம் மற்றவர்களுடைய பிஆரை (கோட் மாற்றக் கோரிக்கையை) ரிவ்யூ செய்யும்போது பெயர், இடைவெளி பற்றிக் கமென்ட் போட்டு நேரத்தைக் கழிக்காதீர்கள். அதற்கு லின்டர் இருக்கிறது. "இதே ரிக்வெஸ்ட் இரண்டு முறை வந்தால்?", "இந்த லிஸ்டில் 1 லட்சம் இருந்தால்?", "இதை ரோல்பேக் செய்தால் பழைய கோடு இந்த டேட்டாவைப் படிக்குமா?" என்று மூன்று கேள்வி போதும்.

பீன்_கூடை

ஏஐ விஷயத்துக்கு வருகிறேன். அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன், பைத்தியக்காரத்தனம். ஆனால் "டெஸ்ட் பாஸ், மெர்ஜ்" ஆபத்து, ஏனென்றால் டெஸ்டையும் அதுவேதான் எழுதியிருக்கும். மாக்குக்கு (நிஜத்துக்குப் பதில் வைக்கும் போலிக்கு) என்ன திருப்பச் சொன்னதோ, அதுவே திரும்பியதா என்று சரிபார்த்து பச்சை காட்டும் டெஸ்ட் எத்தனை வேண்டுமானாலும் எழுதும்.

முறையை மாற்றுங்கள். டெஸ்ட் பெயர்களை நீங்கள் எழுதுங்கள், உடலை அது எழுதட்டும். "அதே கீயோடு இரண்டாவது முறை வந்தால் முதல் பதிலே திரும்ப வேண்டும்" என்பது மாதிரி வாக்கியமாகவே. டேட்டாபேஸ் தொடும் டெஸ்டுக்கு மாக் வேண்டாம், டெஸ்ட்கன்டெய்னர்ஸில் நிஜ போஸ்ட்கிரெஸ். பிறகு கோடில் ஒரு நிபந்தனையை வேண்டுமென்றே தலைகீழாக்கிப் பாருங்கள். எந்த டெஸ்டும் சிவக்கவில்லை என்றால் அந்த டெஸ்டுகள் அலங்காரம்.

ஸ்பிரிங் கோடில் அது எழுதித் தருபவற்றில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டிய இடங்கள்: ஒரே கிளாஸுக்குள் ஒரு மெத்தட் இன்னொன்றைக் கூப்பிட்டால், இரண்டாவதன் தலையில் உள்ள டிரான்சாக்‌ஷனல் அனோட்டேஷன் வேலை செய்யாது, ஸ்பிரிங் ப்ராக்ஸி வழியாக வரும் அழைப்பைத்தான் பிடிக்கும். செக்டு எக்செப்ஷன் எறிந்தால் இயல்பாக ரோல்பேக் ஆகாது, கமிட் ஆகிவிடும். ரன்டைம் எக்செப்ஷனுக்கும் எரருக்கும் மட்டும்தான் ரோல்பேக். பிக்டெசிமலை ஈக்வல்ஸால் ஒப்பிட்டால் 1.0-வும் 1.00-வும் வேறு வேறு. கம்பேர் டூ வேண்டும். சைல்ட் கலெக்‌ஷனை ஃபெட்ச் ஜாயின் செய்துவிட்டு அதோடு பேஜினேஷனும் போட்டால், ஹைபர்நேட் ஒரு எச்சரிக்கையை மட்டும் லாகில் போட்டுவிட்டு, மொத்த ரெக்கார்டையும் மெமரிக்கு இழுத்து அங்கே பக்கம் பிரிக்கும். லேப்டாப்பில் 40 ரெக்கார்டோடு ஓட்டும்போது எதுவும் தெரியாது.

இந்த நான்கையும் உடைந்த நிலையில் நீங்களே எழுதி, தோற்கும் டெஸ்டோடு ஒரு ரெப்போவில் போட்டு வையுங்கள். நான்கு வாரநாள் மாலை போதும்.

புள்ளி_எழுத்து

கொஞ்சம் பக்கவாட்டில் ஒன்று, நம் மொழியிலேயே கிடைக்கும் பயிற்சி. ஜாவாவில் "தமிழ்" என்ற சொல்லின் நீளம் கேளுங்கள். நமக்கு 3 எழுத்து. ஜாவா 5 சொல்லும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15. மூன்று எண்ணும் சரிதான். எந்த இடத்தில் எது வேண்டும் என்பதுதான் கேள்வி. ஸ்கிரீனில் பெயரை நீளம் பார்த்து வெட்டும் கோடு "வேல்" என்பதை 3-இல் வெட்டினால் புள்ளி போய் "வேல" ஆகிவிடும். ஜாவா 9 முதல் ரெகெக்ஸில் கிராஃபீம் கிளஸ்டர் (நாம் ஒரே எழுத்தாகப் பார்க்கும் குறிகளின் தொகுப்பு) வசதி உண்டு. அதை வைத்து வெட்டுங்கள்.

இதைவிட விஷமமானது "கொ". க-வுடன் ஒகரக் குறி ஒன்றாகவும் வரலாம். எகரக் கொம்பு, கால் என்று இரண்டு தனிக் குறியாகவும் வரலாம். திரையில் அச்சு அசல் ஒன்று. ஈக்வல்ஸ் பொய் என்னும், தேடினால் வராது, யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் இரண்டையும் உள்ளே விட்டுவிடும். உள்ளே வரும் வாசலிலேயே என்எஃப்சி (குறிகளைச் சேர்த்து எழுதும் யூனிகோட் முறை) வடிவத்துக்கு மாற்றுங்கள். போஸ்ட்கிரெஸ் 13 முதல் நார்மலைஸ் ஃபங்ஷன் இருக்கிறது, பழைய டேட்டாவை அதைக் கொண்டு சோதிக்கலாம். எஸ்எம்எஸ் அனுப்பும் சர்வீஸ் என்றால் இன்னொன்று: தமிழில் ஒரு எஸ்எம்எஸ் 70 குறி, ஆங்கிலத்தில் 160. அந்த 70-ல் புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. தாண்டினால் பகுதிக்கு 67. பில் ஏன் இரட்டிப்பானது என்று பலர் விழிப்பது இங்கேதான்.

கண்ணாடி_முன்தளம்

ஃப்ரன்ட்எண்ட் ஆட்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் இரண்டு வரி. ஒரு அடுக்கு கீழே என்றால் நமக்கு பிரவுசரின் மெயின் திரெட். குரோம் டெவ்டூல்ஸில் சிபியுவை 4 மடங்கு மெதுவாக்கி, பெர்ஃபார்மன்ஸ் ரெக்கார்டிங் எடுத்து, 50 மில்லிசெகண்ட் தாண்டும் டாஸ்க் ஒவ்வொன்றும் யாருடையது என்று கண்டுபிடியுங்கள். இலக்கு, கிளிக்குக்குப் பதில் 200 மில்லிசெகண்டுக்குள். ரியாக்டின் மெமோ, யூஸ்மெமோ என்று கண்ட இடத்தில் தெளிப்பதை அதன் பிறகு நிறுத்திவிடுவீர்கள்.

அரைகுறை_ஆர்க்கிடெக்ட்

எல்லாருக்கும் நன்றி. வரிசை இப்படி வைக்கிறேன்: நான்கு சனிக்கிழமை போஸ்ட்கிரெஸ், அடுத்த நான்கு பூலும் டைம்அவுட்டும், வாரநாளில் பீன்_கூடை சொன்ன நான்கு உடைந்த டெஸ்டுகள். அடுத்த ஸ்பிரின்ட் ஃபீச்சருக்கு ஒரு பக்கக் குறிப்பு.

இரண்டு சந்தேகம். லேப்டாப் டேபிளில் செய்தது சரி, ஆபீஸ் குவெரிகளில் எதை எடுப்பது என்று புரொடக்‌ஷனைப் பார்க்காமல் எப்படித் தெரியும்? ஸ்டேஜிங்கில் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் ஓட்டினால் போதாதா? இரண்டாவது, கடைசி 20 ஆர்டர் இண்டெக்ஸில் நேரத்தை இறங்குவரிசை என்று குறிப்பிட்டுப் போட வேண்டுமா?

பழைய_லாக்ஃபைல்

டிபிஏகிட்ட (டேட்டாபேஸைப் பார்த்துக்கறவர்கிட்ட) அக்சஸ் கேட்காதீங்க, ஒரு லிஸ்ட் கேளுங்க. குவெரிகளோட நேரக் கணக்கு வைக்கற பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ்ல மொத்த நேரப்படி முதல் 20 குவெரி. அதுல டேட்டா எதுவும் இருக்காது, எண்ணும் எழுத்தும் கேள்விக்குறியாவோ டாலர் நம்பராவோ மாறியிருக்கும். அதனால கொடுக்கத் தயங்க மாட்டாங்க. சராசரி நேரப்படி வேண்டாம், மொத்த நேரப்படின்னு அழுத்திச் சொல்லுங்க. 20 செகண்ட் எடுக்கற ரிப்போர்ட் நாளைக்கு 10 தடவை ஓடினா 200 செகண்ட். 5 மில்லிசெகண்ட் எடுக்கற ஒரு பாவப்பட்ட குவெரி 10 லட்சம் தடவை ஓடினா 5,000 செகண்ட். ரெண்டாவது பெரும்பாலும் என் பிளஸ் ஒன்னா (லிஸ்டுக்கு ஒரு குவெரி, அப்புறம் ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் தனித்தனி குவெரி) இருக்கும், அது உங்க ஜாவா கோட்ல இருக்கற லூப். சரிசெய்ய டிபிஏ தேவையே இல்ல.

ஸ்டேஜிங்ல பிளான் பார்த்து ஏமாந்துடாதீங்க. ஒண்ணு ரெண்டு பக்கத்துல அடங்கற சின்ன டேபிள்ல பிளானர் பெரும்பாலும் இண்டெக்ஸைச் சீண்டாது, முழுசா படிக்கறதே அதுக்கு மலிவு. அளவும் பரவலும் புரொடக்‌ஷன் மாதிரி இருந்தாத்தான் அந்தப் பிளானுக்கு மதிப்பு. இன்னொண்ணு, இதைச் சொல்லாம விட்டா என்மேல பாவம் வரும்: எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் குவெரியை நிஜமாவே ஓட்டும். டெலீட் முன்னாடி போட்டா டெலீட் ஆகிடும். பிகின் போட்டு, ஓட்டி, ரோல்பேக் பண்ணுங்க. அனலைஸ் இல்லாத வெறும் எக்ஸ்ப்ளெயின் எதையும் தொடாது.

இறங்குவரிசைன்னு தனியா போட வேண்டாம். பி-ட்ரீ இண்டெக்ஸைப் பின்னாலேர்ந்தும் படிக்க முடியும், பிளான்லயே இண்டெக்ஸ் ஸ்கேன் பேக்வர்ட்னு காட்டும். ரெண்டு ஃபீல்டை எதிரெதிர் திசையில சார்ட் பண்ணும்போதுதான், உதாரணமா தொகை ஏறுவரிசை, நேரம் இறங்குவரிசைன்னா, இண்டெக்ஸ்லயும் திசையைக் குறிப்பிடணும். முதல்ல குறிப்பிடாம ஓட்டிப் பாருங்க, பிளான்ல சார்ட்னு ஒரு வரி புதுசா முளைக்கும். ஓட்டறதுக்கு முன்னாடி நோட்டுல எழுதிடுங்க.